பிறமொழிப் பரீட்சையும் பாடத் தெரிவும்

கல்வி வரலாற்றை எழுதப் புகுவோர் கல்லூரிகள் தோன்றிய ஆண்டுகளையும், அவற்றைத் தாபித்தோரின் பெருமையையும், அரசினர் காலத்துக்குக் காலம் இயற்றிய சட்டங்களையும் விரித்துக் கூறுவர். மாணாக்கன் ஒருவன் விண்ணப்பத்தாளை முன்னே வைத்துக்கொண்டு, தான் பரீட்சைக்கு எடுக்கவிருக்கும் பாடங்களின் பெயரை ஒவ்வொன்றாக நிரப்பும் அந்தச் சிறு பொழுதை அவர்கள் பெரிதாகக் கொள்வதில்லை. ஆயினும் ஒரு சமுதாயம் எதனை அறிவு என மதித்தது, எதனைப் புறக்கணித்தது, எம்மொழியிற் சிந்திக்கத் தன் பிள்ளைகளைப் பழக்கியது என்பவற்றையெல்லாம் அந்தத் தாளிலே தெளிவாகக் காணலாம். பரீட்சையின் மொழி மாணாக்கனுடைய வீட்டுமொழி அன்றாயின் அத்தெரிவு மேலும் சிக்கலுடையதாகின்றது. அங்கே அவன் பாடத்தை மாத்திரம் தெரிவதில்லை. தன் அறிவின் எப்பகுதியைப் பிறர் அளந்து பார்க்க விடுவது என்பதையும் தெரிகின்றான்.

ஜெனீவா நகரிலே 1968 ஆம் ஆண்டில் உருவாகி, இன்று உலகின் பல நாடுகளிலும் நடைபெற்று வரும் அனைத்துலகப் பக்கலோரியா எனும் பட்டயப் பரீட்சை, இவ்வினாவை எல்லாப் பரீட்சைகளிலும் கூர்மையாக எழுப்புவது. அதன் அமைப்பையும், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத மாணாக்கர் அதிற் பாடங்களைத் தெரியும் வகையையும் நன்கு உணர்வதற்கு, அதற்கு நூறாண்டு முன்னரே கடல் கடந்து வந்த பரீட்சைகளின் வரலாற்றை முதலில் நோக்குதல் வேண்டும்.

பரீட்சைகள் கடல் கடந்த வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் கல்வியுலகில் ஒரு புதுமை நிகழ்ந்தது. அதுகாறும் ஒருவன் ஒரு கல்லூரியிற் சேர்ந்து, அங்கேயே வதிந்து, அங்குள்ள ஆசிரியரிடம் பாடங்கேட்டு, அவர்களாலேயே சோதிக்கப்படுவது வழக்கம். 1836 ஆம் ஆண்டிற் பட்டயம் பெற்ற இலண்டன் பல்கலைக்கழகம், 1858 ஆம் ஆண்டின் புதிய பட்டயத்தினால் இவ்வழக்கத்தை உடைத்தது. எங்கு கற்றான், யாரிடம் கற்றான் என்னும் வினாக்கள் நீங்கின. பரீட்சையிற் சித்தியெய்துவானாயின் பட்டம் அவனுக்கு உரியது என்றாயிற்று. 1865 ஆம் ஆண்டில் மொறிசியசுத் தீவில் அப்பல்கலைக்கழகத்தின் பரீட்சை நடைபெற்றது. அதே 1858 ஆம் ஆண்டிற் கேம்பிரிட்ச் பல்கலைக்கழகமும் பாடசாலை மாணாக்கருக்கெனத் தலப் பரீட்சைகளைத் தொடங்கிற்று. 1860 களில் அவையும் இங்கிலாந்தின் எல்லையைக் கடந்து திரினிடாட் தீவை அடைந்தன. இலங்கையிலே 1880 ஆம் ஆண்டிற் கேம்பிரிட்ச் தலப் பரீட்சைகள் புகுத்தப்பட்டன.

இப்பரீட்சைகளாற் பெரும் நன்மை விளைந்தது என்பதை மறுத்தல் நேர்மையாகாது. சிற்றூரிற் பிறந்த ஏழை மாணாக்கன் ஒருவனும் இங்கிலாந்தின் செல்வர் மகன் எழுதும் அதே வினாத்தாளை எழுதினான். அவன் விடையைத் திருத்தியவர் அவன் குலத்தையோ ஊரையோ அறியார். கொழும்பில் 1921 ஆம் ஆண்டிற் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றிய பின்னும், 1942 ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்படும் வரையும் அக்கல்லூரி மாணாக்கர் இலண்டன் பரீட்சைகளுக்கே ஆயத்தஞ் செய்தனர். அதற்குப் பின்னருங்கூடப் பகலிற் கற்பித்து இரவிற் கற்ற ஆசிரியர் பலர் வெளிவாரிப் பட்டத்தின் வழியாகவே உயர்ந்தனர்.

ஆயினும் நன்மையோடு கேடும் சேர்ந்தே வந்தது. பரீட்சை எங்கே தயாரிக்கப்பட்டதோ அந்நாட்டின் அறிவே அறிவாயிற்று. மாணாக்கன் இங்கிலாந்தின் அரசர் வரிசையை ஒப்புவித்தான். தன் ஊரைச் சூழ்ந்த கடலின் இயல்பை அறியான். இலத்தீன் கற்றோன் மதிக்கப்பட்டான். தமிழோ சிங்களமோ கற்றோன் அவ்வளவாக மதிக்கப்பட்டிலன். ஆனந்த குமாரசுவாமி 1905 ஆம் ஆண்டில் இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தை நிறுவிச் சுதேச மொழிக் கல்விக்காகக் குரல் எழுப்பியமைக்கு இந்நிலையே காரணமாயிற்று. இதிலிருந்து பெறப்படும் உண்மை ஒன்று உண்டு. பரீட்சை ஒன்று எல்லோருக்கும் திறந்திருத்தல் வேறு. அஃது எல்லோருக்கும் பொதுவாயிருத்தல் வேறு. முன்னையது வாயிலைப் பற்றியது. பின்னையது உள்ளே வைக்கப்பட்டிருக்கும் பொருளைப் பற்றியது.

யாழ்ப்பாணம் தரும் சான்று

பிறமொழியிற் கற்றோன் தன் மொழியை இழந்தே தீரவேண்டுமா என்னும் வினாவுக்கு யாழ்ப்பாணத்தின் வரலாறு விடை தருகின்றது. 1823 ஆம் ஆண்டில் அமெரிக்க மிசனரிமார் வட்டுக்கோட்டையிலே தாபித்த செமினரியில் ஆங்கிலமும் மேனாட்டு விஞ்ஞானமும் கற்பிக்கப்பட்டன. அவற்றோடு தமிழும் கற்பிக்கப்பட்டது. 1855 ஆம் ஆண்டில் அது மூடப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகம் 1857 ஆம் ஆண்டிலே தோன்றியபோது அதன் முதற் பட்டதாரிகளாய் விளங்கிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் அச்செமினரியிற் பயின்ற யாழ்ப்பாணத்தவர்களே. அவருள் தாமோதரம்பிள்ளை ஆங்கிலக் கல்வியினாற் பெற்ற ஆராய்ச்சி முறையைத் தமிழ் ஏட்டுச் சுவடிகளின் மேற் செலுத்தினார். 1881 இல் வீரசோழியமும், 1885 இல் தொல்காப்பியப் பொருளதிகாரமும், 1887 இற் கலித்தொகையும் அவரால் அச்சேறின. ஆங்கிலம் அவரைத் தமிழிலிருந்து பிரித்ததன்று; தமிழ் முன்னரே வேரூன்றியிருந்தமையால் ஆங்கிலம் அதற்கு உரமாயிற்று.

இதன் மறுபக்கத்தையும் நோக்கற்பாலது. ஆறுமுகநாவலர் 1848 ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தது தமிழிற் கற்பித்தற்பொருட்டே. எனினும் அவரே 1872 ஆம் ஆண்டில் ஆங்கிலப் பாடசாலை ஒன்றையும் தொடங்கினார். தாய்மொழிப் பற்றும் பிறமொழித் தேவையும் ஒன்றையொன்று அழிக்க வேண்டியன அல்ல என்பதை அப்பெரியார் செயலிற் காட்டினர். மானிப்பாயிலே வைத்தியர் சாமுவேல் கிறீன் 1860 களில் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கி, அதற்கான நூல்களையும் தமிழில் ஆக்குவித்தமை, நுண்ணிய விஞ்ஞானமும் தாய்மொழியில் விளங்கும் என்பதற்குச் சான்றாகும்.

இவ்வரிசையிற் சுவாமி விபுலானந்தரின் வாழ்வு தனியிடம் பெறுவது. மட்டக்களப்பிலே கேம்பிரிட்ச் சிரேட்ட பரீட்சையிற் சித்தியெய்தியவர் அவர். பின்னர் இலண்டனின் விஞ்ஞானப் பட்டத்தையும் பெற்றவர். 1916 ஆம் ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதப் பரீட்சையிலும் அவர் தேறினார். ஒரு பரீட்சை ஆங்கிலத்திற் பௌதிகத்தை வினாவியது. மற்றையது தமிழில் இலக்கண இலக்கியங்களை வினாவியது. இரண்டும் ஒருவர் உள்ளத்திலே கூடியமையின் பயனாக 1947 ஆம் ஆண்டில் யாழ்நூல் வெளிவந்தது. பௌதிகம் மாத்திரம் கற்றோர் அந்நூலை எழுதியிருத்தல் இயலாது. இலக்கியம் மாத்திரம் கற்றோரும் எழுதியிருத்தல் இயலாது. ஆனால் அவ்விரண்டையும் ஒன்றுசேர்க்க அக்காலத்திற் பரீட்சை ஒன்றேனும் இருந்திலது. இரு வேறு பரீட்சைகளை எழுதித் தம் முயற்சியினாலேயே அவற்றை இணைத்தார் அடிகள். ஒரே பட்டயத்தினுள் தாய்மொழி இலக்கியமும் பிறமொழியில் விஞ்ஞானமும் அமைதல் கூடுமா என்னும் வினா, வேறொரு நாட்டிலே, வேறொரு காரணம் பற்றி, பின்னரே விடை பெற்றது.

ஜெனீவாவில் எழுந்த இடர்ப்பாடு

முதலாம் உலகப் போரின் பின் நாட்டினங்களின் சங்கமும் அனைத்துலகத் தொழில் தாபனமும் ஜெனீவாவில் அமைந்தன. அங்கே பணிபுரியப் பல தேசத்து உத்தியோகத்தர் குடும்பத்தோடு வந்து குடியேறினர். அவர்தம் பிள்ளைகளுக்காக 1924 ஆம் ஆண்டில் ஜெனீவா அனைத்துலகப் பாடசாலை தோன்றிற்று. ஆங்கிலமும் பிரெஞ்சும் அதன் போதனா மொழிகள். கீழ்வகுப்புக்களிற் பல நாட்டுப் பிள்ளைகளும் ஒருங்கிருந்து கற்றனர். மேல்வகுப்பை அடைந்ததும் பிரிவு தோன்றிற்று. பிரெஞ்சுப் பிள்ளை பிரெஞ்சுப் பக்கலோரியாவுக்கும், சுவிற்சர்லாந்துப் பிள்ளை அந்நாட்டு மத்தூரித்தே பரீட்சைக்கும், ஆங்கிலப் பிள்ளை தன் நாட்டுத் தராதரப் பத்திரத்துக்கும், அமெரிக்கப் பிள்ளை தன் கல்லூரிகளின் அனுமதிப் பரீட்சைக்கும் ஆயத்தஞ் செய்யவேண்டியதாயிற்று. உலக ஒருமையைப் போதிக்க எழுந்த பாடசாலை, பரீட்சையை அணுகும்போது தேசங்களாகச் சிதறிற்று. அப்பாடசாலையின் தலைவியாயிருந்த மரீ-தெரேஸ் மோறெற் 1948 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனத்துக்காகச் சமாதானக் கல்வி முறைகள் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். பல தேசத்துப் பிள்ளைகளை ஒன்றாகக் கற்பித்தற்குரிய முறை பற்றிய ஆராய்ச்சி இவ்வாறு வளர்ந்தது.

1951 ஆம் ஆண்டில் அனைத்துலகப் பாடசாலைகளின் சங்கம் உருவாயிற்று. 1962 ஆம் ஆண்டில் ஜெனீவாவிற் கூடிய ஆசிரியர் மாநாட்டிற் பொதுப் பரீட்சை பற்றிய எண்ணம் வலுப்பெற்றது. அதே ஆண்டில் வேல்ஸ் நாட்டிலே, கேர்ட் ஹான் என்பாரின் கருத்தைப் பின்பற்றி அத்திலாந்திக் கல்லூரி திறக்கப்பட்டது. பின்னர் இப்புதிய பட்டயத்தை முழுமையாக ஏற்றுக்கொண்ட முன்னோடிகளுள் அஃது ஒன்றாயிற்று. 1967 ஆம் ஆண்டிற் பிரான்சு நாட்டின் செவ்ர் நகரிற் கூடிய மாநாட்டிற் பாடத்திட்டத்தின் உருவம் ஆராயப்பட்டது. 1968 ஆம் ஆண்டிலே பரீட்சையை நடத்தும் அலுவலகம் நிறுவப்பட்டது. ஒக்ஸ்போட் பல்கலைக்கழகக் கல்விப் பகுதியின் தலைவராயிருந்த அலெக் பீற்றர்சன் அதன் முதற் பணிப்பாளர் நாயகமானார்.

பீற்றர்சனை வருத்திய வினா யாதெனின், இளமையிலேயே கல்வியைக் குறுக்கும் ஆங்கில முறையாகும். இங்கிலாந்தில் உயர்வகுப்பு மாணாக்கன் இரண்டு அல்லது மூன்று பாடங்களுக்குள் ஒடுங்கினான். விஞ்ஞானம் கற்றோன் இலக்கியத்தை மறந்தான், இலக்கியம் கற்றோன் கணிதத்தைத் துறந்தான். பிரெஞ்சு முறையோ பல பாடங்களையும் ஒருங்கே சுமத்தியது. இவ்விரண்டுக்கும் நடுவே ஓர் ஒழுங்கு வகுக்கப்பட்டது. ஆறு பாடங்கள், அவற்றுள் மூன்றை ஆழமாகவும் மூன்றை அளவாகவும் கற்றல். இன்றும் அவ்வொழுங்கே அடிப்படையாய் நிற்கின்றது.

ஆறு தொகுதிகளும் மொழியின் இடமும்

பட்டயத்தின் பாடங்கள் ஆறு தொகுதிகளாகப் பகுக்கப்பட்டுள்ளன. முதலாவது மொழியும் இலக்கியமும், இரண்டாவது கற்றுப் பெறும் மொழி, மூன்றாவது வரலாறு, பொருளியல், புவியியல் முதலிய சமூகக் கல்வி, நான்காவது விஞ்ஞானம், ஐந்தாவது கணிதம், ஆறாவது கலைகள். கலையை விரும்பாதோன் அதற்கு ஈடாக விஞ்ஞானம், சமூகக் கல்வி, மொழி ஆகிய தொகுதிகளிலிருந்து வேறொரு பாடத்தை எடுக்கலாம். பெரும்பாலும் மூன்று பாடங்கள் உயர்தரத்திலும் மூன்று நியமத்தரத்திலும் கற்கப்படும். உயர்தரத்துக்கு 240 மணி நேரமும் நியமத்தரத்துக்கு 150 மணி நேரமும் போதனைக்கு வகுக்கப்பட்டுள்ளன. பாடம் ஒன்றுக்கு அதியுயர் புள்ளி 7. ஆறு பாடங்களுக்கும் 42. அறிவுக் கோட்பாடு எனும் பாடத்துக்கும் 4,000 சொல்லுக்குள் அமையும் ஆய்வுக் கட்டுரைக்குமாக மேலும் 3. ஆக மொத்தம் 45. பட்டயம் பெறுதற்கு 24 புள்ளி வேண்டும். மூன்று உயர்தரப் பாடங்களில் மாத்திரம் 12 புள்ளியேனும் பெறவேண்டும் என்பதும் விதி. ஆதலின் ஒரு பாடத்தைத் தவறாகத் தெரிந்தோன் அப்பாடத்தில் மாத்திரம் தாழ்வதில்லை; பட்டயத்தையே இழத்தலும் கூடும்.

இவ்வமைப்பில் ஆங்கிலம் எங்கே நிற்கின்றது என்பதே கருத்திற் கொள்ளற்பாலது. கேம்பிரிட்ச் தலப் பரீட்சையில் ஆங்கிலம் எல்லாவற்றுக்கும் அடித்தளமாய் நின்றது. ஜெனீவாப் பட்டயத்திலோ முதலாந் தொகுதி ஆங்கிலத்துக்கென ஒதுக்கப்பட்டதன்று. மாணாக்கன் எம்மொழியில் மிக நன்றாகச் சிந்திக்க வல்லனோ அம்மொழிக்கு உரிய இடம் அது. கணிதமும் விஞ்ஞானமும் சமூகக் கல்வியும் பெரும்பாலும் ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானியம் ஆகியவற்றுள் ஒன்றில் எழுதப்படுகின்றன. ஜெர்மன், ஜப்பானியம் முதலியவற்றிலும் சில பாடங்களுக்கு இடமுண்டு. ஆயின் இலக்கியப் பாடத்தை மாணாக்கன் தன் மொழியில் எழுதலாம். அம்மொழியைக் கற்பிக்க அப்பாடசாலையில் ஆசிரியர் இல்லாவிடினும் வழி அடைபடுவதில்லை. பாடசாலையின் மேற்பார்வையிலே தானாகக் கற்று, நியமத்தரத்தில் அவ்விலக்கியத்தை எழுதும் ஏற்பாடு உண்டு. போதிய எழுத்திலக்கியம் உடைய மொழியாயிருத்தல் வேண்டும் என்பது நிபந்தனை. ஈராயிரம் ஆண்டு இலக்கிய வளமுடைய தமிழுக்கு அந்நிபந்தனை ஒரு தடையாகாது.

முதன்மொழி எது?

எனவே, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத மாணாக்கன் விடைகாண வேண்டிய முதல் வினா, விஞ்ஞானமா கலையா என்பதன்று; முதலாந் தொகுதியில் எம்மொழியை எடுப்பது என்பதே. இதற்கு மூன்று வழிகள் உள. தாய்மொழியை முதலாந் தொகுதியிலும் ஆங்கிலத்தை இரண்டாந் தொகுதியிலும் எடுத்தல் ஒன்று. இரு மொழிகளையும் முதலாந் தொகுதிப் பாடங்களாகவே எடுத்தல் மற்றொன்று. ஆங்கிலத்தை முதலாந் தொகுதியில் எடுத்துப் பிறிதொரு மொழியை இரண்டாவதாகக் கற்றல் மூன்றாவது.

பெற்றோர் பலர் மூன்றாவது வழியையே விரும்புவர். ஆங்கில இலக்கியம் கற்றால் ஆங்கிலம் வளரும் என்பது அவர் எண்ணம். இவ்வெண்ணத்தில் ஒரு மயக்கம் உண்டு. முதலாந் தொகுதிப் பாடம் மொழியைக் கற்பிக்கும் பாடமன்று. மொழியை முன்னரே கற்றுவிட்டோன் அதன் நுட்பத்தை ஆராயும் பாடம். முன்னறியாத கவிதை ஒன்றையோ உரைநடைப் பகுதி ஒன்றையோ கண்டு, அதன் சொல்லாட்சியும் தொனியும் அமைப்பும் பொருளை எங்ஙனம் உருவாக்குகின்றன எனக் குறித்த நேரத்துள் கட்டுரை வரைதல் அதன் இயல்பு. கடையிலும் விளையாட்டு மைதானத்திலும் தடையின்றிப் பேசும் ஆங்கிலம் இதற்குப் போதாது. கனடா நாட்டு ஆராய்ச்சியாளர் ஜிம் கமின்ஸ் 1979 ஆம் ஆண்டில், உரையாடும் வன்மையும் கல்வி கற்கும் மொழிவன்மையும் வெவ்வேறானவை எனப் பிரித்துக் காட்டினார். முன்னையது ஏறக்குறைய இரண்டாண்டிற் கைகூடும். பின்னையது கைகூட ஐந்து முதல் ஏழு ஆண்டு செல்லும் என்பது அவர் ஆராய்ச்சியாற் பெறப்பட்டது. பதினாறாம் வயதில் ஆங்கிலச் சூழலிற் புகுந்த மாணாக்கனுக்குப் பட்டயத்தின் இரண்டாண்டு அதற்குப் போதுமா என்பதை இக்கணக்கே உணர்த்தும். தாய்மொழியே கற்பித்தற்கு உகந்த ஊடகம் என 1953 ஆம் ஆண்டிலே யுனெஸ்கோ வெளியிட்ட அறிக்கையும் ஈண்டு நினைத்தற்குரியது.

உதாரணமாக, பத்தாம் வகுப்புவரை தமிழிற் கற்றுப் பின் பெற்றோருடன் பிறநாடு சென்ற மாணாக்கன் ஒருவனைக் கருதுக. அவன் தமிழ் இலக்கியத்தை முதலாந் தொகுதியிலும் ஆங்கிலத்தை இரண்டாந் தொகுதியில் உயர்தரத்திலும் எடுப்பானாயின், ஒரு பாடத்திலேனும் மொழித் தடையின்றித் தன் முழு அறிவையும் காட்டுதல் கூடும். இரண்டாந் தொகுதியின் உயர்தர ஆங்கிலமும் இழிந்ததன்று. அதில் இரண்டு இலக்கிய நூல்களும் கற்கப்படுகின்றன. இவ்வாறு தமிழில் இலக்கியமும் ஆங்கிலத்தில் வரலாறோ விஞ்ஞானமோ எழுதித் தேறியோன் இருமொழிப் பட்டயம் பெறும் உரிமையும் உடையவனாவான்.

ஆயினும் தாய்மொழிப் பற்று ஒன்றே காரணமாக இத்தெரிவைச் செய்தலும் தவறாகும். மூன்றாம் வகுப்பிலே தமிழ்க் கல்வியை நிறுத்தி, வீட்டிற் பேசும் அளவோடு நின்ற பிள்ளை, செய்யுளைப் பிரித்துப் பொருள்கொள்ள இயலாது இடர்ப்படும். துணையின்றித் தானே கற்றல் மிகுந்த ஒழுக்கத்தை வேண்டுவது; வாரந்தோறும் நேரம் ஒதுக்கி நூல்களை ஆழ்ந்து படியாதோன் இறுதியில் வருந்துவான். அத்தகைய பிள்ளைக்கு எம்மொழியிற் பாடசாலைக் கல்வி தொடர்ந்து நிகழ்ந்ததோ அம்மொழியே முதன்மொழி ஆகும். பிறந்த மொழி எது என்பதன்று, எழுதிச் சிந்திக்கும் மொழி எது என்பதே அளவுகோல். இதனை அறியும் எளிய வழி ஒன்று உண்டு. ஒரே பொருளைப் பற்றி இரு மொழிகளிலும் ஒவ்வொரு பக்கம் எழுதச் செய்து, எதிற் கருத்துத் தெளிவாக விரிகின்றது என ஆசிரியர் நோக்கினால் விடை தானே தோன்றும்.

ஏனைய பாடங்களின் மொழிச் சுமை

முதன்மொழி துணிந்த பின்னரே ஏனைய பாடங்களைக் கருதுதல் முறை. ஆங்கிலத்தில் தளர்ச்சியுடையோர் விஞ்ஞானத்தையும் கணிதத்தையும் புகலிடமாகக் கொள்வது நெடுநாள் வழக்கம். அதிற் பாதி உண்மை உண்டு. சமன்பாட்டுக்கு மொழியில்லை. ஆயினும் எல்லா விஞ்ஞானமும் ஒரே அளவினவாகா. பௌதிகம் பெரும்பாலும் குறியீட்டிலும் கணிப்பிலும் நடைபெறுவது. உயிரியலோ கலைச்சொற்கள் மலிந்தது. தொழிற்பாடுகளை வாக்கியங்களில் விளக்குமாறு வினாவுவது. இரசாயனம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. மேலும் ஒவ்வொரு விஞ்ஞானத்திலும் மாணாக்கன் தானே செய்த பரிசோதனை பற்றி நீண்ட அறிக்கை எழுதவேண்டியிருத்தலின், மொழியை முற்றிலும் தப்புதல் எவருக்கும் இயலாது.

கணிதத்திலும் ஒரு நுட்பம் உண்டு. 2019 ஆம் ஆண்டிலிருந்து அது இரு வழியாகப் பிரிந்துள்ளது. பகுப்பாய்வுக் கணிதம் அட்சரகணிதத்தையும் நிறுவலையும் முதன்மையாகக் கொள்வது. பிரயோகக் கணிதம் உலகியல் நிலைமைகளை விவரித்து அவற்றிலிருந்து கணக்கை உருவாக்கச் சொல்வது. பின்னையது எளிதெனக் கேள்விப்பட்டு அதனை எடுக்கும் பிறமொழி மாணாக்கன், வினாவின் நீண்ட வருணனையை விளங்கிக்கொள்வதிலேயே காலத்தை இழத்தல் கூடும். அன்றியும் பொறியியற் கல்வியை நாடுவோருக்குப் பல பல்கலைக்கழகங்கள் உயர்தரப் பகுப்பாய்வுக் கணிதத்தையும் பௌதிகத்தையும் விதிக்கின்றன. வைத்தியத்துக்கு உயர்தர இரசாயனம் பெரும்பாலும் வேண்டப்படும். எனவே எளிமையை நோக்கித் தெரிந்த பாடம் பிற்காலத்தில் வாயிலை அடைத்தலும் உண்டு.

மூன்றாந் தொகுதியில் வரலாறு மிகுந்த கட்டுரைத் திறனை வேண்டுவது. ஒரு காரணத்தை மற்றொரு காரணத்தோடு ஒப்பிட்டு எடைபோடும் வாக்கியங்கள் இன்றி அதிற் சிறக்க இயலாது. பொருளியலிற் சொற்களின் வரையறை திட்டமானது. வரைபடங்களும் துணை செய்யும். புவியியலிற் படமும் புள்ளிவிபரமும் கைகொடுக்கும். எல்லாப் பாடங்களிலும் பொதுவாக நிற்பன வினாவின் ஏவற் சொற்கள். விவரிக்க, விளக்குக, ஒப்பிடுக, மதிப்பிடுக என்பன ஒன்றுக்கொன்று வேறுபட்டவை. மதிப்பிடுமாறு கேட்கப்பட்ட இடத்தில் விவரித்து வைத்தோன், பாடத்தை முழுமையும் அறிந்திருந்தும் புள்ளியை இழப்பான். பிறமொழி மாணாக்கர் இழக்கும் புள்ளிகளுட் பல அறியாமையால் இழந்தன அல்ல. வினாவின் ஏவலை உணராமையால் இழந்தன. நல்லாசிரியர் ஒருவர் இதனை முதலாண்டிலேயே பயிற்றுவராயின் பெருங்கேடு நீங்கும்.

ஆறு பாடங்களும் ஒருங்கே நோக்கப்படல் வேண்டும் என்பதும் முக்கியம். வரலாறு, உயிரியல், ஆங்கில இலக்கியம் மூன்றையும் உயர்தரத்தில் எடுத்த பிறமொழி மாணாக்கன் மூன்று இடங்களிலும் ஒரே தடையை எதிர்நோக்குகின்றான். அவ்வாறன்றி, நீண்ட எழுத்தை வேண்டும் பாடம் ஒன்றும், குறியீட்டில் நடைபெறும் பாடம் ஒன்றும், தாய்மொழிப் பலம் உதவும் பாடம் ஒன்றுமாகச் சுமையைப் பகிர்ந்துகொள்வோன் தளரான். எழுத்தைக் கண்டு அஞ்சி அதனை முற்றாகத் தவிர்த்தலும் நன்றன்று. பல்கலைக்கழகத்தில் எத்துறை புகினும் அவன் எழுதியே ஆகவேண்டும். பாடசாலையிலே ஆசிரியர் துணையோடு தவறிக் கற்காத எழுத்தை அங்கே தனித்துக் கற்றல் அரிது. பல்கலைக்கழகங்கள் தாம் விதிக்கும் ஆங்கிலத் தகுதியும் நாட்டுக்கு நாடு வேறுபடுவது. ஆதலாற் பாடம் தெரியுமுன் தான் நாடும் பல்கலைக்கழகத்தின் விதியை நேரிற் பார்த்தறிதல் மாணாக்கனின் கடமை.

முடிவுரை

இலங்கையிற் கன்னங்கரா குழுவின் 1943 ஆம் ஆண்டு அறிக்கையும், 1945 ஆம் ஆண்டில் வந்த இலவசக் கல்வியும், அதன்பின் படிப்படியாகச் சுதேச மொழிகள் போதனா மொழிகளாகி 1960 ஆம் ஆண்டிற் பல்கலைக்கழகத்தின் கலைப்பகுதியையும் எட்டியமையும், தாய்மொழியிற் பரீட்சை எழுதும் உரிமையை இந்நாட்டு மாணாக்கருக்கு வழங்கின. அவ்வுரிமையைப் பெற முந்திய தலைமுறையினர் பட்ட பாடு பெரிது. எனினும் தொழில் நாடியும், பின்னர்ப் போரினாலும், தமிழ்க் குடும்பங்கள் பல தேசங்களிற் பரந்து வாழும் இக்காலத்திலே, பிறமொழியிற் பரீட்சை எழுதும் நிலை மீண்டும் ஆயிரக்கணக்கான பிள்ளைகளை எதிர்கொண்டுள்ளது. நூற்றாண்டுக்கு முன் கேம்பிரிட்ச் பரீட்சையின் முன் நின்ற மாணாக்கனுக்கு இல்லாத ஒரு வசதி இன்று ஜெனீவாப் பட்டயத்தை எழுதுவோனுக்கு உண்டு. தன் மொழியையும் அறிவென்று எண்ணிப் புள்ளியிடும் தொகுதி ஒன்று அங்கே முதலாவதாக வைக்கப்பட்டுள்ளது.

ஆயின் விதியில் இடமுண்டு என்பதனால் மாத்திரம் அவ்விடம் நிரம்பிவிடாது. பத்து வயதிலே தமிழ் எழுத்தைக் கைவிட்ட பிள்ளை பதினாறாம் வயதில் அத்தொகுதியின் வாயிலில் நின்று பயனில்லை. பாடத் தெரிவு விண்ணப்பத்தாளை நிரப்பும் நாளிலே தொடங்குவதன்று. வீட்டில் மாலைதோறும் எம்மொழி நூல் திறக்கப்படுகின்றது என்பதிலேயே தொடங்கிவிடுகின்றது. தாமோதரம்பிள்ளையும் விபுலானந்தரும் பிறமொழிப் பரீட்சைக்குச் சென்றபோது தமிழை உடன்கொண்டு சென்றனர். ஆதலின் அவர் பெற்ற பிறமொழி அறிவு முழுவதும் திரும்பி வந்து தமிழுக்கே ஆக்கமாயிற்று. உடன்கொண்டு செல்லாதோருக்குத் திரும்பி வருதற்கு இடம் இராது.